விட்டுவிட்டு அறும் இணைப்பு: இரு கட்டடங்களுக்கு இடையிலான கம்பியில்லாத் தொடர்பில் பழுது காணும் முறை

பழைய கட்டடத்தில் இணையம் இருக்கும். சாலைக்கு அப்பால் எழுந்த புதிய கட்டடத்தில் இருக்காது. இடையில் பள்ளம் தோண்ட வழியில்லாதபோது, இரண்டு மொட்டைமாடிகளிலும் தலா ஒரு ரேடியோவை நிறுத்தி, ஆண்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி இணைத்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், ஆலைகள், விடுதிகள் பலவும் இந்த முறையை நம்பியே இயங்குகின்றன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரிலும் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டதால், இதற்கெனத் தனி அனுமதியும் கட்டணமும் தேவைப்படுவதில்லை. பொருத்திய வாரத்தில் இணைப்பு நன்றாகவே ஓடும். சில மாதங்கள் கழித்து விட்டுவிட்டு அறத் தொடங்கும்போதுதான் தலைவலி ஆரம்பமாகிறது.

முற்றிலும் செத்துப்போன இணைப்பைச் சரிசெய்வது எளிது. எங்கோ ஒன்று உடைந்திருக்கும்; தேடினால் கிடைத்துவிடும். பத்து நிமிடம் அறுந்து, ஆள் மாடிக்கு ஏறுவதற்குள் தானாகவே திரும்பி வந்துவிடும் இணைப்புதான் கடினமானது. அங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான்: ரேடியோவை அணைத்துப் போடுகிறார்கள், சேனலை மாற்றுகிறார்கள், ஆண்டெனாவைச் சற்றே திருப்புகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்துவிடுகிறார்கள். இணைப்பு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதன் பலனை ஒரு முழு நாளாவது பார்த்துக் குறித்து வைப்பதுதான் இந்த வேலையின் முதல் ஒழுங்கு.

மாற்றத்துக்கும் முன்னால் வரவேண்டியது குறிப்பேடு. இணைப்பு எப்போது அறுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். உச்சி வெயிலில் அறுந்தால் ரேடியோவோ அடாப்டரோ சூடேறுகிறது என்று ஐயப்படலாம். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை மட்டும் தள்ளாடினால் சுற்றுவட்டார வீடுகளின் வைஃபை காரணமாக இருக்கக்கூடும். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் கம்பத்தின் பிடி தளர்ந்திருக்கும், அல்லது குறுக்கே ஒரு மரக்கிளை ஆடும். மோட்டார் போடும்போதோ லிஃப்ட் ஏறும்போதோ என்றால் மின்சாரம். மழையில் என்றால் வேறு கதை. அது பின்னால் வருகிறது.

நேரத்தைக் குறிக்கும்போதே இடத்தையும் பிரித்தறிய வேண்டும். புதிய கட்டடத்தில் ஒருவர் 'நெட் வரவில்லை' என்று சொன்னால், அந்தப் பாதையில் குறைந்தது ஐந்து கண்ணிகள் இருக்கின்றன: இந்தப் பக்க ஸ்விட்ச், இந்தப் பக்க ரேடியோ, எதிர்ப் பக்க ரேடியோ, எதிர்ப் பக்க ஸ்விட்ச், அதற்கப்பால் வெளி இணையம். ஐந்துக்கும் ஒரே கணினியிலிருந்து இடைவிடாமல் பிங் ஓட்டி, விடைகளை நேரத்தோடு ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். ஒரு வாரம் ஓடினால் போதும். இந்தப் பக்க ரேடியோவே பதில் சொல்லாமல் போயிருந்தால் பழுது கேபிளிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. இந்தப் பக்க ரேடியோ பதில் சொல்லி, எதிர்ப் பக்கம் சொல்லாவிட்டால் அலைப்பாதையோ எதிர்முனையின் மின்சாரமோ காரணம். இரண்டு ரேடியோக்களும் சொல்லி வெளி இணையம் மட்டும் சொல்லாவிட்டால், மாடியிலிருக்கும் கருவிகள் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்துகொண்டிருக்கின்றன. ஒரே ஐ.பி. முகவரி இரண்டு கருவிகளுக்கு விழுந்திருப்பது, யாரோ கொண்டுவந்து செருகிய வீட்டு ரூட்டர் தானும் முகவரி வழங்கத் தொடங்குவது போன்ற கோளாறுகளும் வெளியிலிருந்து பார்க்க ரேடியோ பழுது போலவே தெரியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில் காட்டப்படும் இயக்க நேரம். கருவி கடைசியாக எப்போது உயிர்பெற்றது என்பதை அது காட்டும். இணைப்பு அறுந்த நேரமும் இயக்க நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய நேரமும் ஒன்றாக இருந்தால், ரேடியோ அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே சிக்னலைப் பற்றிப் பேசுவதே வீண்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாடி ரேடியோவுக்குத் தனி மின்கம்பி போவதில்லை. கீழே இருக்கும் பி.ஓ.இ. அடாப்டர், தரவு செல்லும் அதே நெட்வொர்க் கேபிளில் மின்சாரத்தையும் ஏற்றி அனுப்புகிறது. பல சிறிய ரேடியோக்களுக்கு இது 24 வோல்ட். 12 வாட் எடுக்கும் ஒரு ரேடியோவுக்கு 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடவேண்டும். நல்ல செம்பாலான கேட்-5இ கேபிள் 100 மீட்டர் நீளத்தில், போக இரண்டு கம்பியும் வர இரண்டு கம்பியுமாகச் சேர்ந்து எட்டு, ஒன்பது ஓம் மின்தடை தரும். அப்படியானால் வழியிலேயே 4 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. அவற்றில் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இழப்பு 6, 7 வோல்ட்டைத் தொடும். ரேடியோ சும்மா இருக்கும்வரை இது தெரியாது. நெரிசல் கூடி, அனுப்பும் வேலை அதிகரித்து, மின்னோட்டம் உயரும்போது மின்னழுத்தம் இன்னும் இறங்கும். இறங்கிய அழுத்தத்தை ஈடுகட்ட ரேடியோ மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். அழுத்தம் மேலும் இறங்கும். கடைசியில் ரேடியோ அணைந்து எழும். பயன்பாடு அதிகமாகும்போதெல்லாம் இணைப்பு அறுகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய கேபிள், பல ஆயிரம் ரூபாய் ரேடியோவின் பெயரைக் கெடுக்கிறது. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதே அலுமினியத்துக்கு அடையாளம்.

மின்சாரமே இணைப்பைக் கெடுக்கும் என்பதற்குத் தேனியில் ஒரு நல்ல சான்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு, திசை ஆண்டெனா பொருத்திய வைஃபை ரேடியோக்களால் இணைக்கும் பணியை, அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு மேற்கொண்டது. ஊரில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவதற்கான இணைப்பு அது. கட்டடத்துக்குக் கட்டடம் என்பதைவிட ஊருக்கு ஊர் என்று சொல்லத்தக்க, பல கிலோமீட்டர் தொலைவுகள். சில ஆண்டுகள் நடத்திப் பார்த்த அனுபவத்தை அந்தக் குழு 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. இணைப்பை உயிரோடு வைத்திருப்பதில் மிகப்பெரிய எதிரியாக அவர்கள் கண்டது அலைகளின் இழப்பை அல்ல, மின்சாரத்தின் தரத்தை. மின்வெட்டு ஒரு பக்கம். அதைவிட மோசமானது ஏறி இறங்கும் அழுத்தம். அடாப்டர்கள் எரிந்தன, பலகைகள் கெட்டன, நினைவக அட்டைகளில் எழுதியது சிதைந்தது, பேட்டரி வற்றிக் குறை அழுத்தத்தில் கருவிகள் உறைந்து நின்றன. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் போனால் கருவியை முற்றிலும் துண்டித்து, மின்சாரம் சீரான பின்பு இயக்கும் சிறு சுற்றும், உறைந்த கருவியைத் தானே தட்டி எழுப்பும் காவல் சுற்றும் அங்கே தீர்வாயின. நகரத்துக் கட்டடங்களுக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். இரு முனைகளிலும் யு.பி.எஸ். இருக்க வேண்டும். கணினிகளுக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டு மாடி ரேடியோவின் அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகியிருப்பதை எத்தனையோ இடங்களில் காணலாம்.

கேபிளுக்கு மின்சாரம் தவிர வேறு நோய்களும் உண்டு. வெயிலைத் தாங்கும் உறையில்லாத, அறைக்குள் ஓட்டவேண்டிய கேபிளை மாடியில் ஓட்டினால் ஓரிரு ஆண்டுகளில் உறை வெடிக்கும். வெடிப்பில் புகும் நீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி ரேடியோவின் துளை வரை, அல்லது கீழே இருக்கும் அடாப்டர் வரை போய்ச் சேரும். ஆர்.ஜே.45 முனையின் பொன்முலாம் பூசிய தகடுகள் பச்சை பூத்து அரிக்கும். 1000 மெகாபிட்டில் பேசவேண்டிய போர்ட் திடீரென்று 100க்கோ 10க்கோ இறங்கியிருந்தால், எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடர்பிழந்திருக்கிறது. ஸ்விட்ச்சின் பிழை எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. முனைகளை வெட்டி எறிந்து புதிதாகக் கிரிம்ப் செய்வது பத்து நிமிட வேலை. ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது.

இங்கேதான் மழையின் கதை வருகிறது. மழை பெய்தால் இணைப்பு அறுகிறது என்றதும் எல்லோரும் மழைத்துளிகள் அலையை விழுங்குவதாக எண்ணுகிறார்கள். 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடியோக்களுக்கு அது உண்மை. அங்கே மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் கொட்டும் மழை ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து டெசிபெலுக்கும் மேல் தின்றுவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் எடுத்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸிலோ மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல்தான் குறைக்கும். சில நூறு மீட்டர் தொலைவில் அது கணக்கிலேயே வராது. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு மழையில் அறுந்தால் குற்றவாளியை வானத்தில் தேடக்கூடாது. நனைந்த முனை, நீர் புகுந்த கேபிள், ஈரம் சுமந்த இலைகள், எர்த் சரியில்லாத அடாப்டர் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் அது இருக்கும். மழை நின்று பல மணி நேரம் கழித்தும் கோளாறு தொடர்ந்தால், எங்கோ நீர் தங்கியிருக்கிறது என்பது உறுதி.

இரு முனைகளும் நலம் என்று தெரிந்த பிறகே இடையிலுள்ள வெளியைப் பார்க்க வேண்டும். எதிர் ஆண்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் பாதை சரி என்பது பரவலான நம்பிக்கை, அது போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த கோட்டில் மட்டும் செல்வதில்லை. இரு ஆண்டெனாக்களுக்கும் நடுவே, முனைகளில் கூம்பி நடுவில் பருத்த பாகற்காய் வடிவத்தில் ஒரு வெளி அதற்கு வேண்டும். ஒளியலைகளை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலர் ஃப்ரெனெல் பெயரால் அது ஃப்ரெனெல் மண்டலம் எனப்படுகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் அதன் நடு ஆரம் சுமார் 3.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 5.6 மீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு 5.8இல் இரண்டரை மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடு தடையின்றி இருக்க வேண்டும். நடுவழியில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் விளிம்போ, புதிதாக எழும்பிய மாடியின் தகரக் கூரையோ கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே நின்றாலும் சிக்னல் குறையும். தன் சொந்த மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரே தடையாக இருப்பதும் உண்டு. ஆண்டெனாவைச் சுவரோரம் தாழ்வாகப் பொருத்தாமல் இரண்டடி உயர்த்தினாலே பல இணைப்புகள் குணமாகின்றன.

மரம் தனி வகைத் தடை, ஏனென்றால் அது வளர்கிறது. மாசியில் இலையுதிர்த்து நிற்கும் வேம்பின் கிளைகளுக்கு ஊடாக இணைப்பைப் பொருத்துபவர் நல்ல சிக்னலைக் காண்பார். சித்திரையில் அது தழைத்ததும் அலை இலைகளில் மாட்டிக்கொள்ளும். இலைக்குள் இருப்பது பெரும்பாலும் நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சுகிறது. அந்த மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கம்பத்தை உயர்த்தலாம், மாடியின் வேறொரு மூலைக்கு மாற்றலாம், மூன்றாவதாக ஒரு கட்டடத்தின் வழியே திருப்பி எடுக்கலாம்.

சிக்னல் எவ்வளவு வரவேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளாமல், வருகிற எண்ணைப் பார்த்துத் திருப்தியடைவது ஒரு பெரிய குறை. கணக்கு மிக எளிது. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்கும் அலை சுமார் 108 டெசிபெல் இழக்கிறது. ரேடியோ 20 டி.பி.எம். ஆற்றலில் அனுப்பி, இரு பக்க ஆண்டெனாக்களும் 16 டெசிபெல் வீதம் கூட்டித் தந்தால், மறுமுனையில் வரவேண்டியது மைனஸ் 56 டி.பி.எம். மூன்று நான்கு டெசிபெல் குறைந்தால் பரவாயில்லை. மைனஸ் 72 என்று காட்டினால் 16 டெசிபெல் காணாமல் போயிருக்கிறது. வரவேண்டிய ஆற்றலில் நாற்பதில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. இணைப்பு அப்போதும் ஓடும் என்பதுதான் ஆபத்து. ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். சிறு காற்று, சிறு இரைச்சல் வந்தாலும் அது கவிழும்.

இத்தகைய பெரிய இழப்புக்குப் பாதையில் தடையில்லை என்றால், ஆண்டெனா தவறான கதிரில் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு திசை ஆண்டெனாவுக்கும் நடுவில் ஒரு முதன்மைக் கதிரும் இருபுறமும் வலுக்குறைந்த பக்கக் கதிர்களும் உண்டு. திருப்பும்போது எண் ஏறி ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கினால், அதுவே முழு உச்சம் என்று நினைத்து நட்டை முறுக்கிவிடுகிறார்கள். அது பக்கக் கதிரின் உச்சமாக இருக்கலாம். இரு பக்கமும் இன்னும் நன்றாகத் திருப்பிப் பார்த்து, எல்லா உச்சங்களிலும் உயர்ந்ததைக் கண்டபிறகே இறுக்க வேண்டும். பக்கவாட்டில் முடித்ததும் மேல்கீழாகவும் அதையே செய்ய வேண்டும். இரண்டு மாடிகளிலும் ஒரே நேரத்தில் திருப்பினால் ஒருவர் செய்வது மற்றவருக்குப் புரியாது. ஒருவர் கையை எடுத்த பிறகு அடுத்தவர் தொடங்கட்டும்.

மிகை சிக்னலும் ஒரு நோய் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நூறு மீட்டர் இடைவெளியில் மேலே சொன்ன அதே கருவிகளை முழு ஆற்றலில் ஓட்டினால் மைனஸ் 36 வரை வரும். ஏற்பி திணறும், பிழைகள் கூடும். அனுப்பும் ஆற்றலைக் குறைத்து மைனஸ் 50 வாக்கில் வைப்பதே சரி. அக்கம்பக்கத்தாருக்கும் அது உதவி.

வரும் சிக்னல் கணக்கோடு பொருந்தியும் இணைப்பு தடுமாறினால், எஞ்சியிருப்பது இரைச்சல். தேனி இணைப்புகளை அமைத்த வட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, நெடுந்தொலைவு வைஃபையில் பாக்கெட்டுகள் தொலைவதற்கு முதன்மைக் காரணம் அலைகள் எதிரொலித்துக் குழம்புவது அல்ல, வெளியிலிருந்து வரும் பிற வைஃபைகளின் குறுக்கீடே என்று காட்டியது. மாடியில் நிற்கும் ஆண்டெனா, தரையில் நிற்பவருக்குக் கேட்காத நூறு வீடுகளின் வைஃபையைக் கேட்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. நகரத்தில் கட்டடங்களை இணைக்க அந்தப் பட்டையைப் பயன்படுத்துவதை அறவே கைவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸிலும் ரேடியோவிலுள்ள அலைமாலைக் காட்சியை இரு முனைகளிலும், அதுவும் இணைப்பு தள்ளாடும் அதே வேளையில், ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முனைக்கு அமைதியான சேனல் மறுமுனைக்கு இரைச்சலாக இருக்கக்கூடும்.

விளம்பர வேகத்தை எட்ட வேண்டும் என்று சேனலை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிப்பதும் தவறு. அகலம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏற்பி வாங்கும் இரைச்சல் 3 டெசிபெல் கூடுகிறது. பிறருடைய சேனல்மீது விழும் வாய்ப்பும் கூடுகிறது. 80லிருந்து 20க்குக் குறைத்தால் 6 டெசிபெல் மிச்சம். உச்ச வேகம் குறையும், உண்மையில் கிடைக்கும் வேகம் பல நேரங்களில் உயரும்.

5250 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அவை ரேடார்களும் பயன்படுத்தும் பகுதிகள். அங்கே இயங்கும் ரேடியோ, ரேடார் துடிப்பைக் கேட்டதும் சேனலைக் காலி செய்ய வேண்டும். அந்தச் சேனலுக்கு 30 நிமிடம் திரும்பக் கூடாது. புதிய சேனலில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் காத்திருக்க வேண்டும். அருகிலிருக்கும் வேறொரு கருவியின் துடிப்பை ரேடார் என்று தவறாக எண்ணி விலகுவதும் நடக்கும். ரேடியோ அணையாமல், சிக்னல் குறையாமல், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக இணைப்பு அறுந்து வேறு சேனலில் திரும்பி வந்தால், இதுவே காரணம். கருவியின் நிகழ்வுப் பதிவில் அது எழுதப்பட்டிருக்கும்.

கடைசியாகத் தொலைவு அமைப்பு. வைஃபையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மறுமுனை 'பெற்றேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அனுப்பியவர் காத்திருக்கும் நேரம் மைக்ரோநொடிகளில்தான். அலை ஒரு கிலோமீட்டர் போய்வர ஏறத்தாழ 6.7 மைக்ரோநொடி ஆகிறது. கருவியில் குறித்த தொலைவு உண்மைத் தொலைவைவிடக் குறைவாக இருந்தால், பதில் வந்துகொண்டிருக்கும்போதே அது தொலைந்ததாக எண்ணி மீண்டும் அனுப்பும். சிக்னல் அருமையாகவும் வேகம் கேவலமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும் நேரப் பங்கீட்டு முறையைப் பெர்க்லிக் குழுவும், அப்போது கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பாஸ்கரன் ராமன் முதலிய ஆய்வாளர்களும் நெடுந்தொலைவு வைஃபைக்காக வகுத்ததற்கு இதுபோன்ற குறைகளும் காரணம். இன்று கட்டடங்களுக்கு இடையே பொருத்த விற்கப்படும் பல ரேடியோக்களில் அத்தகைய முறை ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் போதும்.

இவ்வளவும் செய்து நிலைபெற்ற இணைப்பின் எண்களை, அதாவது இரு முனைகளின் சிக்னல், இரைச்சல், சேனல், அகலம், கம்பத்தின் உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அடாப்டர் இருக்கும் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிட வேண்டும். ஓராண்டு கழித்து மாடியேறும் வேறொரு பணியாளருக்கு அந்தத் தாளே அளவுகோல்.

இரு கட்டடங்களும் ஒரே வளாகத்தில், சில நூறு மீட்டருக்குள் இருந்து, தோண்டவும் அனுமதி கிடைக்குமானால், ரேடியோவை முதன்மை இணைப்பாக வைத்துக்கொள்ள நல்ல காரணம் எதுவும் இல்லை. கண்ணாடி இழையே பதிக்க வேண்டும். செம்பு கேபிளுக்கு 100 மீட்டர் வரம்பு உண்டு. இரு கட்டடங்களின் எர்த் வேறுபாடும் மின்னலும் அதன் வழியே கருவிகளுக்குள் புகும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மரமும் மழையும் அண்டை வீட்டு வைஃபையும் அதைத் தொடாது. இழை வந்த பிறகு மாடி ரேடியோவைக் கழற்றாமல் மாற்றுவழியாக வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் செருகப்பட்டால் நெட்வொர்க்கில் சுழல் உண்டாகி இரு கட்டடங்களும் முடங்கும். இரு பக்க ஸ்விட்ச்சுகளிலும் எஸ்.டி.பி. எனப்படும் சுழல் தடுப்பை இயக்கி, இழையை ஒரு முறை பிடுங்கிப் பார்த்து, ரேடியோ பொறுப்பேற்கிறதா என்று சோதித்த பின்பே அந்த ஏற்பாட்டை நம்ப வேண்டும்.